எம்டன் ராத்திரி: ஒத்திகை எதுவரை வந்திருக்கிறது

ராயபுரத்தில் நாங்கள் சில பேர், பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிறவர்கள், 1914 செப்டம்பர் 22 இரவை நடித்துக் காட்டத் தயாராகி வருகிறோம். ஜெர்மனியின் போர்க்கப்பல் எம்டன் அன்று ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் விளக்கடித்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். அரைமணி நேரத்துக்குள் கிளம்பியும் போய்விட்டது. தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று அடிபட்டது, உயிர்களும் போயின. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கானோர் பட்டணத்தைவிட்டே புறப்பட்டார்கள்.

வேடம் பிரித்தபோது எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்குத்தான் போட்டா போட்டி. நான் ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பத்தின் மூத்த பையன் வேடத்தைக் கேட்டு வாங்கினேன். முல்லரைப் பற்றி எழுதிவைத்தவர்கள் நிறையப் பேர். மூட்டையோடு நடந்த ராயபுரத்துக்காரர்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்கள் நடந்த நடையைத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

உடுப்பு சீக்கிரம் முடிந்தது. எம்.சி. ரோட்டில் பருத்தி வேட்டியும் துண்டும் எடுத்தேன். பாலியஸ்டர், ஜிப், பிளாஸ்டிக் பட்டன், நைலான் கயிறு எதுவும் கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டளை. காலில் செருப்பும் கிடையாது. அதனால் தார் ரோடு ஆறின பிறகுதான் ஒத்திகை.

மூட்டைக்குத்தான் நாள் பிடித்தது. ஆயாவிடம் கேட்டேன். பழைய புடவையை நாலாக மடித்துத் தரையில் விரித்து, "கனத்தை நடுவுல வை. உப்ப மேல வை, ஈரம் பட்டா போச்சு" என்றார். அரிசியை நடுவில் கொட்டி, பக்கத்தில் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து, உப்புப் பொட்டலத்தை மேலே வைத்தார். எதிரெதிர் முனைகளை இழுத்து ஒரு முடிச்சு, மற்ற இரண்டையும் அதற்கு மேல் குறுக்கே இன்னொரு முடிச்சு. தூக்கிப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடந்தபோது, ஓட முடியாது என்பது கழுத்துக்குப் புரிந்தது. குண்டு விழும்போது மக்கள் தலைதெறிக்க ஓடுவதாக முதலில் யோசித்திருந்த காட்சியை வேகநடையாக மாற்றினோம். கூட்டம் அப்படி நகரும்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

சத்தத்தில் ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான்: கப்பல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி நின்றது, பீரங்கிக் குண்டு ஒலியைவிட வேகமாக வரும். அப்படியென்றால் கரையில் நின்றவர்களுக்கு முதலில் கடலில் பளிச்சென்று வெளிச்சம், அடுத்து இந்தப் பக்கம் வெடிப்பு, அதற்கப்புறம்தான் சுட்ட பீரங்கியின் சத்தம். மொட்டை மாடியில் ஒருவர் டார்ச் அடிக்க, பக்கத்தில் தகரத்தை ஒருவர் தட்ட, சில விநாடி விட்டுத் தெருமுனையிலிருந்து மேளம் அடித்தோம். அந்தக் கடைசி அடிக்கு எல்லாருடைய தலையும் தானாகக் கடல் பக்கம் திரும்பியது. யாரும் சொல்லிக் கொடுக்கவே இல்லை! இதை இனி மாற்றப் போவதில்லை.

போலீஸ் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் முன்கூட்டியே நேரம் சொல்லிவிடுவோம்.

அடுத்த ஒத்திகையில் தங்கச்சி வேடம் போடும் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் மூட்டையோடு நடந்து பார்க்கப் போகிறேன். அரிக்கேன் விளக்கை அப்போது யார் பிடிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா வேடம் போடுகிற அக்கா, "என்கிட்ட கொடு, கூடையை இன்னொரு கையில மாத்திக்கிறேன்" என்கிறார்.