கயிற்றில் கொஞ்சம் தளர்வு

படகைக் கயிற்றால் கட்டி நிறுத்தத் தெரியுமா என்று கேட்டுத்தான் படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தெரியும் என்றேன். உண்மையில் எனக்கு முடிச்சுப் போடத் தெரியும், அவ்வளவுதான். முடிச்சுப் போடுவது வேறு, படகு கட்டுவது வேறு என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

எங்களுடையது சின்னத் துறை. அறுபது சொச்சம் படகுகள். அதில் இருபது கரைச்சுவரை ஒட்டிக் கட்டியிருக்கும், மற்றவை நடுத்தண்ணீரில் மிதவைகளில் நிற்கும். துறைக்கு முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. படகு வைத்திருப்பவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள், அவர்களுக்குள்ளேயே ஒரு குழு, அந்தக் குழு சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே ஆள் நான். அதாவது, யாருடைய கயிறு நைந்திருக்கிறது என்று நான் கண்டிக்க வேண்டுமோ, அவர்தான் மாதக் கடைசியில் என் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர். இந்த வேலையின் கஷ்டத்தில் பாதி கடலில் இல்லை, இதில் இருக்கிறது.

முதல் வாரம் ஒரு மதியம், தண்ணீர் நன்றாக ஏறி நின்ற நேரம். புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் சுவரோரம் வந்து கட்டினார். நாலு கயிறு, நாலும் தந்தி மாதிரி விறைப்பு. படகு ஓர் அங்குலம்கூட ஆடவில்லை. நானும் போய்ப் பார்த்து, "அருமையா கட்டியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஆறு மணி நேரம் சொச்சம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த இடைவெளியில் தண்ணீர் 3 மீட்டர் இறங்கும். இறங்குவதும் ஒரே சீராக இருக்காது. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. எல்லாக் கரைக்கும் அச்சடித்தது போல் பொருந்தாது என்றாலும் நல்ல மனக்கணக்கு. முதல் ஒரு மணி நேரத்தில் கால் மீட்டர்தான் இறங்கியிருக்கும், பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். நடுவில் உள்ள இரண்டே மணி நேரத்தில் ஒன்றரை மீட்டர் போய்விடும்.

அந்த நடு நேரத்தில்தான் சத்தம் கேட்டது. மரம் முனகுவது போல. ஓடிப் பார்த்தால் படகின் சுவர்ப் பக்கம் கயிற்றில் தொங்குகிறது, வெளிப்பக்கம் மட்டும் தண்ணீரில் சாய்ந்து கிடக்கிறது. சொந்தக்காரர் கையில் கத்தி. எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் தினமும் ஒரு நடை வந்து போவார். அவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "அறுக்காதீங்க! கயித்துக்கு நேரா நிக்காதீங்க, தள்ளிப் போங்க!"

நைலான் கயிறு பாரம் ஏறினால் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட நீளும். அந்த நிலையில் அறுந்தாலோ அறுத்தாலோ, நீண்டதெல்லாம் ஒரே நொடியில் திரும்பி அடிக்கும். கையெலும்பு, கண், எது எதிரே இருந்தாலும் அதற்குப் பார்க்கத் தெரியாது.

பெரியவர் வேறொரு கயிற்றை எடுத்து, விறைத்து நின்ற கயிற்றின் மேலேயே ஒரு முடிச்சுப் போட்டார். இழுக்க இழுக்க இறுகிப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. அதன் மறுமுனையை நாங்கள் நாலு பேர் இழுத்து, கரையில் இருந்த இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தோம். பாரம் புதுக் கயிற்றுக்கு மாறியது. பழையது தளர்ந்தவுடன் அதைக் கழற்றிவிட்டு, தூணில் சுற்றியிருந்ததைச் சாண் சாணாக வழுக்கவிட்டுப் படகை இறக்கினோம். முன்பக்கக் கயிறு முடிந்து பின்பக்கத்துக்கும் இதே வேலை. முடிந்தபோது என் சட்டையைப் பிழிந்திருக்கலாம்.

"கட்டிப் போடுறதுன்னா அசையாம வைக்கிறது இல்ல தம்பி," என்றார் பெரியவர். "எவ்வளவு அசையலாம்னு நாம முடிவு பண்றது."

அதற்கப்புறம் சுவரோரப் படகுகளுக்குக் கயிறு நீளமாகப் போட வைத்தேன். முன்பக்கக் கயிறு படகுக்கு முன்னால் தள்ளி உள்ள தூணுக்கு, பின்பக்கக் கயிறு பின்னால் தள்ளி உள்ள தூணுக்கு. கயிறு நீளமாக இருந்தால் தண்ணீர் ஏறி இறங்குவதைத் தானே சமாளித்துக்கொள்ளும். படகு முன்னும் பின்னும் ஓடாமல் இருக்கக் குறுக்காக இரண்டு. எளிய ஏற்பாடுதான். ஆனால் படகு ஒரு முழம் ஆடுவதைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்கு மனசு கேட்காது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். நான் போய்த் தளர்த்துவேன். இப்படியே வருடங்கள் ஓடின.

மிதவைகள் கதை வேறு. மேலே தெரிவது ஒரு பந்து மட்டும்தான். அதற்குக் கீழே தரையில் ஒரு கான்கிரீட் கட்டை, அதிலிருந்து தடித்த சங்கிலி, அதன்மேல் கொஞ்சம் மெல்லிய சங்கிலி, முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழல் வளையம், அப்புறம் மிதவை. கான்கிரீட் கட்டையைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கரையில் 1,000 கிலோ எடையுள்ள கட்டை கடல் தண்ணீருக்குள் 570 கிலோ சொச்சம்தான். வார்ப்பிரும்பு என்றால் ஏழில் ஒரு பங்கு மட்டும் குறையும். ஆக "ஒரு டன் போட்டிருக்கோம், யானையே கட்டலாம்" என்று குழுவில் யாராவது சொல்லும்போது நான் பாதி யானையாகக் கணக்குப் போட்டுக்கொள்வேன். காற்றின் கணக்கு இதற்கு நேர்மாறு. அதன் வேகம் இரண்டு மடங்கானால் படகை அது தள்ளும் விசை நாலு மடங்கு.

சங்கிலி, தண்ணீர் ஏறி நிற்கும்போது உள்ள ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். 6 மீட்டர் ஆழத்துக்கு 18 மீட்டர். அமைதியான நாளில் அதில் பெரும்பகுதி தரையில் சும்மா கிடக்கும். காற்று வந்து படகு இழுக்கும்போது அது ஒவ்வொரு கண்ணியாகத் தரையை விட்டு எழும். அந்த எடையைத் தூக்கித் தூக்கியே படகின் வேகம் அடங்கிவிடும், கட்டைக்குத் திடீர் இழுப்பு போகாது. சும்மா கிடப்பதாகத் தெரிகிற அந்தச் சங்கிலிதான் வேலை செய்கிறது.

இதைக் குழுக் கூட்டத்தில் விளக்குவது லேசில்லை. சங்கிலியைக் குறைத்தால் படகு சுற்றும் வட்டம் குறையும், இன்னும் ஆறு படகுக்கு இடம் கிடைக்கும், கட்டணமும் கூடும். யோசனை என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும் என்றும் சொன்னார்கள். திரும்பாது. அடிப்பகுதி ஆழமாக உள்ள பாய்மரப் படகு நீரோட்டம் சொல்வதைக் கேட்கும். லேசான மோட்டார் படகு காற்று சொல்வதைக் கேட்கும். ஓட்டம் மாறும் அரை மணி நேரத்தில் ஒன்று வடக்கேயும் மற்றது தெற்கேயும் பார்த்து நிற்கும். வட்டங்களைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். "பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார் ஒருவர். இந்த வாக்கியத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. கடைசியில் இரண்டு படகு மட்டும் கூடுதலாக வந்தது, சங்கிலி குறையவில்லை.

ஆனால் மிதவை விஷயத்தில் நான் பெரிய யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வேலைப்படகில் போய் ஒவ்வொரு மிதவையாகத் தூக்கி, கை தாங்கும்வரை சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன். மேலே உள்ள நாலைந்து மீட்டர் கண்ணுக்குத் தெரியும். பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிவிடுவேன். கீழே உள்ளதை நான் பார்த்ததே இல்லை.

ஓர் இரவு 35 நாட் காற்று, மணிக்கு 65 கிலோமீட்டர் போல. பெரும்புயல் ஒன்றும் இல்லை. ஒரு படகு தன் மிதவையையும் பாதிச் சங்கிலியையும் கூட்டிக்கொண்டே கிளம்பிவிட்டது. போகிற வழியில் இரண்டு படகுகளை இடித்து, சுவரில் போய் உரசி நின்றது. ஆள் சேதம் இல்லை.

காலையில் அறுந்த கண்ணியைக் கையில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் என் சுண்டுவிரல் தடிமன், துரு மட்டும்தான். அடுத்த கண்ணியோடு உரசும் வளைவில் பென்சில் முள் அளவுக்கு மெலிந்து, வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. துருப்பிடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் தேய்ந்திருக்கிறது. சங்கிலி தரையிலிருந்து எழுந்து எழுந்து விழும் இடம் அது. ஒவ்வொரு அலைக்கும் மணலோடு சேர்ந்து அரைபடும். இருப்பதிலேயே அதிகம் தேயும் பகுதி, நான் இழுத்துப் பார்த்து நிறுத்திய இடத்துக்குக் கீழே தொடங்கியிருக்கிறது. பதிவேட்டில் எட்டு மாதம் முந்தைய தேதி, என் கையெழுத்து, 'நன்று'.

படகின் சொந்தக்காரர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சங்கிலி விற்றவரைக் குறை சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னது குழு. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது பதிவேட்டில் 'நன்று' கிடையாது. ஒவ்வொரு மிதவையையும் அடிக்கட்டைவரை பார்க்கிறோம், தூக்க முடியாததை முக்குளிப்பவர் கீழே போய்ப் பார்க்கிறார். தேய்ந்த இடத்தை அளவுகோலால் பிடித்து மில்லிமீட்டரில் எழுதுகிறேன். சங்கிலித் துண்டுகளை இணைக்கும் ஷாக்கிள் என்ற U வடிவ வளையங்களின் ஆணிகள் தானே கழன்றுவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்போம். துருப்பிடிக்காத எஃகு ஷாக்கிளை துத்தநாகப் பூச்சுச் சங்கிலியில் மாட்டினால் கடல் தண்ணீரில் சங்கிலி வேகமாக அரித்துப்போகும். பளிச்சென்று இருக்கிறதே என்று வாங்கி வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் புயலைத்தான் நினைக்கிறார்கள். இந்தத் துறையில் நான் பார்த்து மூழ்கிய படகுகள் எல்லாம் கட்டிய இடத்திலேயே மூழ்கியவை. இரண்டு நாள் மழை, வடிதுளையில் ஒரு இலை, பம்புக்கு பேட்டரி தீர்ந்துபோனது, அவ்வளவு போதும். அதனால் காலை நடையில் நான் படகைப் பார்ப்பதில்லை, படகில் தண்ணீர் தொடும் கோட்டைப் பார்க்கிறேன். நேற்றைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தால் சொந்தக்காரருக்குப் போன் போகும். பெட்ரோல் வாசனைக்கும் மூக்கை நீட்டி வைத்திருப்பேன். அதன் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். எஞ்சின் போடுவதற்கு முன்பு நாலைந்து நிமிடம் அடியில் காற்று ஓடவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்த நாலு நிமிடம் நாலு மணி நேரம்.

ஏணி விஷயம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஓர் அமாவாசைக்கு மறுநாள், தண்ணீர் அடியோடு வற்றியிருந்தபோது, வேலைப்படகின் புரொப்பெல்லரில் சிக்கிய கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பாசி படிந்த சுவர். ஏணி என் தலைக்கு மேலே முடிந்துவிட்டது. கரையில் நின்று அந்த ஏணியை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். இந்த நேரத்தில் இங்கே ஒருவர் தவறி விழுந்தால், நீந்தத் தெரிந்தவராகவே இருந்தாலும், எதைப் பிடித்து ஏறுவார்? அந்த வாரமே நாலு ஏணிகளையும் வற்றுத் தண்ணீருக்குக் கீழே இன்னும் மூன்று படி இறங்குகிற மாதிரி நீட்டினோம். குழுவில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசாத ஒரே செலவு அதுதான்.

காற்று எச்சரிக்கை வந்தால் முதலில் பாய், கூரைத் துணி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வேன். கயிறு உரசும் இடங்களில் ஹோஸ் குழாயைக் கீறி மாட்டுவோம். அப்புறம் காற்றழுத்தமானியைப் பார்ப்பேன். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். முப்பது குறைந்தால் ஓர் அடி. வழக்கமான ஏற்றத்துக்குச் சரியாகக் கட்டிய கயிறு அன்றைக்குப் போதாது. எல்லோரும் இறுக்கிக் கட்ட ஓடி வரும் அந்த நேரத்தில் நான் தளர்த்திக்கொண்டே போவதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள்.

இந்த வருடம் ஏழு மிதவைகள் பார்க்க வேண்டியது பாக்கி. இருபத்து மூன்றாம் எண்ணில், 13 மில்லிமீட்டர் சங்கிலி ஓர் இடத்தில் 9 ஆகியிருக்கிறது. மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் படகுக்காரர். குழுவின் பொருளாளர் அவர்தான். நாளைக்குக் கூட்டம். பழைய அறுந்த கண்ணி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன்.