மேட்டில் இருக்கும் ஏர் வால்வு

நான் ஊட்டியில் வளர்ந்தவன். 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரிக்கு, கோடப்பமந்து கால்வாய் வழியாக மழைத் தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து போவதைப் பார்த்தபடிதான் பள்ளிக்கூடம் போனேன். மலை ஊரில் கழிவுநீர் தானாகவே பள்ளத்துக்கு ஓடிவிடும். அந்தப் பள்ளத்தில்தான் ஏரியோ ஓடையோ இருக்கும். அதில் விழாமல் மடக்கி, குறுக்கே நிற்கும் மேட்டைத் தாண்டி சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக வேறொரு மலை ஊரில் நான் பார்க்கும் வேலை இது. பம்பிங் ஸ்டேஷன் ஆபரேட்டர்.

மேலே ஏற்றுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். எங்கள் மேடு 38 மீட்டர். குழாயின் உராய்வையும் சேர்த்து கேஜ் முள் நாலரையில் நிற்கும். கரண்ட் போனால் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து, அதைப் பம்புக்குள் விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் மோதும். அந்தச் சத்தத்துக்கு இன்னும் நெஞ்சு அதிரும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூலை ராத்திரி, முள் ஐந்தரைக்குப் போய்விட்டது. இரண்டு மோட்டாரும் ஓடுகின்றன, கழிவுநீர் வந்து சேரும் தொட்டியான சம்பில் மட்டம் இறங்கவே இல்லை. துணி சிக்கியிருக்குமோ என்று ஒரு பம்பைத் தூக்கிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டால் "வரத்து பாதிதான் இருக்கு" என்றார்கள். வழியில் எங்கும் உடைப்பு இல்லை. சரி, டார்ச் எடுத்துக்கொண்டு குழாய் போகும் பாதையிலேயே ஏறினேன்.

உச்சியில், குழாயில் சேரும் காற்றை வெளியே விடும் ஏர் வால்வுக்குக் கீழே இருக்கும் சின்ன வால்வை யாரோ இறுக மூடியிருந்தார்கள்.

எங்கள் குழாய் அந்த மேட்டைத் தாண்டி இறங்கி, அப்புறம் இன்னொரு சின்ன மேட்டில் ஏறும். கழிவுநீரிலிருந்து பிரியும் காற்றும் வாயுவும் முதல் உச்சியில் சேரும். வெளியேற வழி இல்லாவிட்டால் இறக்கத்திலும் பரவி, குழாய்க்குள் அடைப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பம்ப் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

எதிர் வீட்டு அக்கா வெளியே வந்து, மறைக்காமல் சொன்னார்: "நான்தான் தம்பி மூடச் சொன்னேன். அதுல வர்ற நாத்தத்துல ஜன்னலைத் திறக்க முடியல. பேத்திக்குத் தினமும் தலைவலி."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். ராத்திரியில் வரத்து குறைந்ததும் கழிவுநீர் சம்பிலும் குழாயிலும் மணிக்கணக்கில் தேங்கும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆளைக் கொல்வது அப்போதுதான். காற்றைவிடக் கனமானதால் குழிகளில் தங்கும். மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். 2013-இல் சட்டமே வந்துவிட்டது, இன்னும் இறக்குகிறார்கள். குழாய் முடியும் இடத்து மேன்ஹோலில் இதே வாயு கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டைத் தின்றிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் ஈரமாவு மாதிரி உதிர்ந்தது.

அன்று வால்வைத் திறந்ததும் முள் மெல்ல இறங்கியது. ஆனால் நாற்றமும் திரும்பி வந்தது. அதை அப்படியே விட மனசில்லை. ஆறு மாதம் கேட்டு, ஏர் வால்வின் வாயுவை உயரமான குழாய்க்குக் கொண்டுபோய், நடுவில் கரி நிரப்பிய பெட்டி வைத்தோம். சம்பில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் மட்டத்தையும் கீழே இறக்கினோம், தேங்கும் நேரம் குறையட்டும் என்று.

கரி சில மாதங்களில் வேலை செய்வதை நிறுத்திவிடும். மாற்ற வேண்டிய நாளை நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்பே அந்த அக்காவின் போன் வந்துவிடுகிறது.