'மை ஃபாதர் டெய்லர்' என்று எழுதும் பிள்ளைக்கு எத்தனை மார்க்?

ஆறாம் வகுப்பு அறிவியல், ஆங்கில வழி. நீர்ச் சுழற்சியை விளக்கச் சொல்லி 5 மார்க் கேள்வி. ஒரு பிள்ளை எழுதியது: "சன் ஹீட் வாட்டர். வாட்டர் கோ அப். அப் கூல். கிளவுட் கம். ரெய்ன் டவுன்." பக்கத்துப் பிள்ளை நோட்ஸில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியிருக்கிறது. வழக்கமாக முதல் தாளுக்கு 2 விழும், இரண்டாவதற்கு 5.

முதல் தாளை நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் சூடாகிறது, மேலே போகிறது, அங்கே குளிர்கிறது, மேகமாகிறது, மழையாக இறங்குகிறது. ஐந்து படியும் வரிசை மாறாமல் இருக்கின்றன. 'எவாப்பரேஷன்' (ஆவியாதல்), 'கண்டன்சேஷன்' (ஆவி குளிர்ந்து நீராதல்) என்ற கலைச்சொற்கள்தான் இல்லை. அவையும் வேண்டும் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் 1 குறைக்கலாம். மீதி 4 அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது. ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுகிறது என்பதைக் குறிப்பேட்டில் இன்னொரு கட்டத்தில் எழுதிவையுங்கள். அறிவியல் மார்க்கில் கை வைக்காதீர்கள்.

நோட்ஸ் எழுதிய பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: "மேலே காற்று குளிராமலே இருந்தால் என்ன ஆகும்?" தமிழில் பதில் சொல்லட்டும். மனப்பாடம் மட்டும் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. சென்னை வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ, வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைகள் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அதனால் கேள்வித்தாளிலிருந்தே தொடங்க வேண்டும். 'டிஸ்டிங்குவிஷ்' (வேறுபடுத்து), 'எனுமரேட்' (பட்டியலிடு) என்று கேட்டால் பாதிப் பேர் அந்தச் சொல்லிலேயே விழுந்துவிடுவார்கள். வேறுபாடு வேண்டுமென்றால் இரண்டு கட்டம் போட்ட அட்டவணை கொடுங்கள். பதிலுக்கு வேண்டிய ஆறேழு சொற்களை ஒரு பெட்டிக்குள் எழுதிவையுங்கள். படம் வரைந்து பாகம் குறித்தாலும் பதில்தான்.

இனி ஆங்கிலப் பாடம். இங்கே மொழிக்குத்தான் மார்க் என்றாலும், எல்லாப் பிழையும் ஒரே ரகம் கிடையாது. 'மை ஃபாதர் டெய்லர்' என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. "எங்க அப்பா டெய்லர்" என்பது தமிழில் முழு வாக்கியம். 'இஸ்' நிற்க அங்கே இடமே இல்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த', 'ஏ' விட்டுப்போவதும் இப்படித்தான், அவற்றைப் போலக் கட்டாயமாக வரும் சொல் தமிழில் கிடையாது. 'வென்ட்' வர வேண்டிய இடத்தில் 'கோ'வோடு 'ஈ', 'டி' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினால் இன்னும் சந்தோஷப்படுங்கள்: இறந்தகால விதி பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது, விதிவிலக்குதான் பாக்கி.

டிக்டேஷனைப் பாருங்கள். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'. நம் எழுத்தில் ப ஒன்றுதான். ஒரு தாளில் பத்து எழுத்துப்பிழை இருந்து, எட்டு இந்த ப, க, ட குழப்பம் என்றால் அது எட்டுத் தவறாகாது. ஒரே பாடம் பாக்கி இருக்கிறது. 'இஸ்கூல்' என்று வாசிப்பதும் நாக்கின் பழக்கம். வாசிப்பு மார்க்கில் அதற்காகக் குறைப்பது அநியாயம்.

எழுத்துப் பயிற்சி கொடுக்கும்போதே "இன்று 'இஸ்', 'ஆர்' மட்டும் பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். அதை மட்டும் திருத்துங்கள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை ஓடினால் அடுத்த முறை பிள்ளை தெரிந்த மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும். பிழை குறையும், மார்க் ஏறும், மொழி வளராது. இந்த ஏமாற்று முன்னேற்றத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

வாய்மொழிக் கேள்விக்கு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்ற அந்த நேரம் வேண்டும். குழு வேலையில் ஆங்கிலம் வரும் பிள்ளையே எல்லாவற்றையும் பேசிவிடும். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்துத் தனித்தனியாகக் குறியுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற, படிப்படியாக உயரும் கற்றல் நிலைகளையும் பாடவாரியாகவே பார்க்க வேண்டும். கணக்கில் மலரில் இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பில் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்துவிடுகிறோம்.

"நாற்பது பேரை இப்படிப் பார்க்க நேரம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. ஒரு நாளைக்கு ஐந்து பேரை மட்டும் கவனித்து ஆளுக்கு ஒரு வரி எழுதினால், எட்டு வேலை நாளில் வகுப்பு முடிந்துவிடும். வளரறி மதிப்பீட்டின் (பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் மதிப்பீடு) 40 மார்க்கைப் பருவக் கடைசியில் உட்கார்ந்து யூகித்துப் போடுவதைவிட இது சுலபம். 'குட்', 'இம்ப்ரூவ்' என்று எழுதாமல், "மூன்று வாக்கியம் தானாக எழுதினான், 'இஸ்' இரண்டு இடத்தில் வந்தது" என்று தேதி போட்டு எழுதுங்கள். பெற்றோர் வரும்போது ஜூன் மாத நோட்டையும் செப்டம்பர் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழிலேயே காட்டுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவும் வரிகள் கூடியிருப்பதை எண்ணிப் பார்த்துவிடுவார்.