ஆஃப்ரெட்டும் என் ஃபைலும்

மார்ச் 4, மயூர் விஹார்

மெட்ரோ பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' மறுபடி படிக்கிறேன். 1985இல் வந்த நாவல். பிள்ளை பிறப்பது அரிதாகிவிட்ட கிலியட் என்ற கற்பனை தேசத்தில், ஆளும் கமாண்டர்களுக்குப் பிள்ளை பெற்றுத் தரக் கட்டாயப்படுத்தப்படும் பெண்களின் கதை. கல்லூரியில் படித்தபோது சிவப்பு அங்கியும் அந்த மாதாந்திரச் சடங்கும்தான் மனதில் நின்றன, இந்தத் தடவை பெயர். கதை சொல்பவள் ஆஃப்ரெட், அதாவது கமாண்டர் ஃப்ரெட்டுடையவள். வேறு வீட்டுக்கு அனுப்பினால் பெயரும் மாறிவிடும். யமுனா பேங்க் வருவதற்குள் பையிலிருந்து என் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் என் பெயர், பக்கத்தில் டபிள்யூ/ஓ போட்டு இவர் பெயர்.

மார்ச் 7

எங்களுக்கு ஏன் குழந்தை இல்லை என்று பார்த்த டெஸ்ட்களின் ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கு எல்லாம் நார்மல், இவருக்குத்தான் விந்தணு கவுன்ட் குறைவு. டாக்டரம்மா அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி வெயிட்டைக் குறை, டென்ஷன் ஆகாதே, நைட் ஷிப்ட் வேண்டாம் என்று ஹிந்தியில் பத்து நிமிஷம் பேசினார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கருவின் பாலினம் பார்ப்பது குற்றம் என்ற போர்டு, அதற்குக் கீழே நீலக் கண்ணோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிறது. மாத்திரைச் சீட்டில் ஆறு அயிட்டம், ஆறும் எனக்கு.

ராத்திரி கும்பகோணத்திலிருந்து அத்தை போன். திருக்கருகாவூர் நெய் அனுப்புகிறாராம். "48 நாள், ரெண்டு பேரும் சாப்பிடணும்டி." கர்ப்பரக்ஷாம்பிகைக்காவது இதில் இரண்டு பேர் உண்டு என்று தெரிந்திருக்கிறது.

மார்ச் 9

கிலியட் தேசத்தில் மலட்டு ஆண் என்று யாரும் கிடையாது. சட்டப்படி கிடையாது. அந்த வார்த்தையைச் சொல்வதே தப்பு. ஆனால் பரிசோதிக்க வரும் டாக்டருக்கு உண்மை தெரியும், கமாண்டரின் மனைவிக்கே தெரியும், அதனால்தான் அவள் ஆஃப்ரெட் கர்ப்பமாகக் கமுக்கமாக டிரைவரை ஏற்பாடு செய்கிறாள். குழந்தை பிறக்காவிட்டால் காலனிகள் என்ற நச்சுக்கழிவு முகாம்களுக்குப் போவது மட்டும் ஆஃப்ரெட்.

இன்னொன்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பி.டி. ஜேம்ஸின் 'தி சில்ட்ரன் ஆஃப் மென்' நாவலில் (1992) உலகத்தில் குழந்தை பிறப்பது நின்றுபோவதற்குக் காரணம் ஆண்களின் விந்து. 2006இல் படமாக எடுத்தபோது அதைப் பெண்களின் மலட்டுத்தன்மை என்று மாற்றிவிட்டார்கள். நல்ல படம்தான், நானே இரண்டு தடவை பார்த்தேன். ஆனாலும் ஏன் மாற்ற வேண்டும்? திரையில் சட்டென்று புரியும் என்பதாலா? நம் ஊரிலும் மலடி என்று தெருவில் கத்திக் கேட்டிருக்கிறேன். மலடன் அகராதியில் இருக்கிறான், அவனை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மார்ச் 12

ஆபீஸ் வேலையாக துர்க்மான் கேட் பக்கம். எமர்ஜென்சியில், 1976இல், வீடு இடிப்பும் கட்டாயக் கருத்தடையும் சேர்ந்து துப்பாக்கிச் சூடு வரை போன இடம். அன்று கத்தி பெரும்பாலும் ஆண்கள் மேல்தான் விழுந்தது, அடுத்த வருஷமே ஆட்சி போனது. அப்புறம் எந்த அரசும் ஆண்களை அந்த அளவுக்குத் தொடவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் சுமார் 38 சதவீதம், ஆண்கள் 0.3.

அட்வுட் நாவலை எதிர்காலக் கதை என்கிறார்கள். மகாபாரதத்து மாதவியை என்ன செய்வது? காலவர் குருதட்சிணைக்கு 800 குதிரை தேடுகிறார். யயாதியிடம் குதிரை இல்லை, மகளைக் கொடுக்கிறான். மூன்று ராஜாக்கள், ஆளுக்கு 200 குதிரை, ஆளுக்கொரு பிள்ளை. மீதி 200க்குப் பதில் குருவே ஒரு பிள்ளை பெற்றுக்கொள்கிறார். கடைசியில் அப்பா சுயம்வரம் வைத்தால் அவள் காட்டைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறாள். எனக்குப் பிடித்த இடம் அது.

மார்ச் 15

இவருக்குத் தனி ஃபைல் போடச் சொன்னேன். ரிசப்ஷன் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். சரி, போடுங்கள், என் பெயரைப் பக்கத்தில் சேருங்கள் என்றேன். ஹஸ்பண்ட் ஆஃப் என்று கம்ப்யூட்டரில் ஆப்ஷனே இல்லையாம். மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு எஸ்/ஓ போட்டு, பத்து வருஷத்துக்கு முன் காலமான மாமனார் பெயரை அடித்துக் கொடுத்தாள்.