முழங்கால் வலிக்கு இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது ஏன்?

பத்து வயது தாண்டிய, எடை கூடிய பிள்ளை. சில வாரங்களாக முழங்கால் வலி, லேசான நொண்டல், பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நடை. முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "எடையைக் குறை, நிறைய நட" என்று அனுப்பிவிடுவார்கள். இதைவிட மோசமான ஆலோசனை அந்த நேரத்தில் இருக்க முடியாது. எங்களிடம் தாமதமாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

கோளாறு இடுப்பில். தொடை எலும்பின் தலைச் சரிவு (SCFE) என்று பெயர். தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அது வெறும் குருத்தெலும்பு. ஒற்றைக் காலில் உடலைத் தாங்கும் கணத்தில் இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுமக்கும். வேகமாக வளரும் வயதில் அந்தத் தட்டு பலவீனமாக இருப்பதால், தலை இடுப்புக் குழிக்குள்ளேயே நிற்க, கழுத்து முன்னும் வெளியுமாக நழுவுகிறது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் கிளைவிடும் நரம்பு ஒன்றே என்பதால் வலி முழங்காலில் தெரிகிறது.

பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, மருத்துவர் தொடையை மார்பை நோக்கி மெல்ல மடக்கும்போது அது தானாக வெளிப்பக்கம் திரும்பினால் சந்தேகம் வலுக்கும். இரண்டு இடுப்புக்கும் முன்னிருந்து எடுக்கும் நேர்ப்படம், முழங்காலை மடக்கித் தொடையை வெளிப்பக்கம் விரித்து எடுக்கும் தவளைக்கால் நிலைப் படம் இரண்டும் வேண்டும். ஆரம்பச் சரிவு நேர்ப்படத்தில் தப்பிவிடும். ஊன்றுகோல் வைத்தும் நிற்க முடியாத பிள்ளைக்குத் தவளை நிலை கூடாது, காலை அசைக்காமல் பக்கவாட்டுப் படம் எடுக்கவேண்டும்.

சரிவு என்று உறுதியான நிமிடத்திலிருந்து நடை கிடையாது. கழிப்பறைக்குக்கூட வீல்சேர்தான். நடந்துகொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென முழுதாகச் சரிந்தால் ரத்தக் குழாய்கள் சேதமடைந்து எலும்பின் தலை செத்துப்போகும் அபாயம் பல மடங்கு கூடும். எடை குறையட்டும் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது.

வழக்கமான சரிவை இழுத்து நேராக்குவதில்லை. மேலும் நழுவாமல் பிடிக்க, இருக்கும் நிலையிலேயே ஒரு ஸ்க்ரூ, எலும்புத் தலையின் நடுவில். முனை மூட்டுக்குள் நீட்டிவிட்டால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இறுகிவிடும். உடல் பருமனான பிள்ளைக்குப் பக்கவாட்டுப் படம் மங்கலாக விழும். அதனால் மேசையில் கிடத்திச் சரிபார்க்கவே நேரம் பிடிக்கும், வெளியே காத்திருப்பவர்கள் பதற வேண்டாம்.

ஊன்றுகோல் நடையை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள், அந்த ஊன்றுகோல் தாங்கும் எடை எவ்வளவு என்றும் கேளுங்கள். சுமார் ஆறு வாரம் காலில் முழு எடை இல்லை. அதற்குப் பிறகும் ஓட்டம், குதிப்புக்கு மருத்துவர் சொல்லும்வரை தடை. பத்து வயதுக்குக் கீழ், அல்லது பருமனே இல்லாத பிள்ளை என்றால் தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளும் சேரும்.

மறு இடுப்பும் பிள்ளைகளில் கணிசமானோருக்குச் சரியும், பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்குள். வளர்ச்சித் தட்டு மூடும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை இரு பக்கமும் எக்ஸ்ரே எடுங்கள். அந்தப் பக்கத் தொடையிலோ முழங்காலிலோ வலி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள்.