ஒல்லாந்தர் ஆட்சியால் விளைந்த நன்மைகள் ஐந்து

"ஒல்லாந்தர் ஆட்சியால் விளைந்த நன்மைகள் ஐந்தினைத் தருக." பத்தாம் ஆண்டுப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதினார்கள், கால்வாய் வெட்டினார்கள், கறுவாத் தோட்டம் போட்டார்கள், றோமன் டச்சுச் சட்டம் தந்தார்கள், யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை 1707-இல் தொகுத்துத் தந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை வரும். மாஸ்டர் அப்படி மண்டையில் ஏற்றியிருந்தார். சுண்ணக்கட்டியால் எறிந்தாலும் அவருக்குக் குறி தப்பாது.

மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, "அண்ணை, கல்லூரி நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது பிக் மாட்ச் பற்றியோ ஹொஸ்டல் பாண் பற்றியோ எழுதத்தான் நினைத்தேன். உட்கார்ந்தால் அந்த ஐந்து புள்ளிதான் வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்குக் கானாவுக்குப் போய் வரவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 கோடை விடுமுறை. லண்டனில் சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு நோட்டீஸ்: மாணவர் குழு ஒன்று ஆறு கிழமைக்குக் கானா போகிறது, கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இரண்டு வகுப்பறை கட்டவேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டுப் பணம் சேர்க்கக் கோயில் தேருக்கு மரக்கறி ரோல்சும் வடையும் விற்றேன். அம்மாவுக்குச் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எங்கட ஊரில இடிஞ்ச பள்ளிக்கூடம் இல்லையோ?" அது சமாதான காலம். ஊருக்குப் போகவும் முடியும். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கேப் கோஸ்ட் நகரத்திலிருந்து உள்ளே முக்கால் மணி நேரம். செம்மண் ரோட்டு, வாழை, மரவள்ளி, எண்ணெய்ப்பனை. வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு பேர் போனோம், ஒருவருக்கும் சுவர் கட்டத் தெரியாது. வருங்கால எஞ்சினியர் என்று என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். நான் கட்டிய மூலையில் ஊர் மேசன் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியப் போனால் மேல் மூன்று வரியையும் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிளேன் டிக்கற் காசை அப்படியே அனுப்பியிருந்தால் அந்த மனுசன் நாலு வகுப்பறை கட்டியிருப்பார். பிள்ளைகள் "ஒப்ரோனி, ஒப்ரோனி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். வெள்ளைக்காரர், வெளியாள் என்று அர்த்தமாம். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். லண்டனில் யாரும் தராத பட்டம்.

மூன்றாம் கிழமை, சனிக்கிழமை, கோட்டை பார்க்கப் போனோம். கேப் கோஸ்ட் கோட்டை தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, பின்னால் கடலோடு அழகாகத்தான் இருக்கிறது. 1653-இல் சுவீடன்காரர் தொடங்கியது. 1660-களில் ஆங்கிலேயர் பிடித்து, மேற்கு ஆபிரிக்கக் கரையில் தங்கள் வியாபாரத் தலைமையகமாக்கினார்கள். வியாபாரம் என்றால் ஆள் வியாபாரம்.

வழிகாட்டி எங்களை ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சரிவாக இறங்கும் பாதை. உள்ளே உயரத்தில் சின்னத் துவாரம் ஒன்று, வெளிச்சம் அவ்வளவுதான். லைட்டை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு போட்டு, சுவரின் கீழ்ப்பக்கம் ஓடிய ஒரு கறைக்கோட்டைக் காட்டினார். அந்த உயரம் வரைக்கும் அழுக்கு நிரம்பிக் கிடந்ததாம். கப்பல் வரும்வரை கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் ஆட்கள் கிடந்த இடம். சாப்பாடும் அதற்குள்தான், மலசலமும் அதற்குள்தான், சாவும் அதற்குள்தான். எல்லாம் சேர்ந்து இறுகித் தளமாகியிருந்தது. பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தபோதுதான் அடியில் பழைய கல்தளம் தெரிந்தது. "நீங்கள் இப்போது மிதித்துக்கொண்டு நிற்பது முழுக்கக் கல் இல்லை" என்றார். நான் பாட்டா செருப்புப் போட்டிருந்தேன். கால்விரல்களை மடக்கிக்கொண்டேன்.

அந்த நிலவறைக்கு நேர் மேலே ஒரு தேவாலயம் இருந்ததாம். முற்றத்தில் பிலிப் குவாக்கே என்பவரின் கல்லறை. அதே ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து, அங்கிலிக்கன் குருவாகிய முதல் ஆபிரிக்கர். 1766-இல் திரும்பி வந்தவர், 1816-இல் சாகும்வரை அந்தக் கோட்டையின் குரு. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்தினார். மேலே பாடம் நடக்க, கீழே ஆட்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதாலோ என்னவோ அந்தக் கல்லறைக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

கடைசியில் கடல்பக்கக் கதவு. 'திரும்பி வராத வாசல்' என்று மேலே எழுதியிருக்கும். திறந்தால் வெளியே மீன்பிடி வள்ளங்கள், காயப்போட்ட வலை, பந்தடிக்கிற பெடியள். வெளிப்பக்கம் திரும்பிப் பார்த்தால் அதே கதவில் 'திரும்பி வரும் வாசல்' என்று இருக்கும். 1998-இல் ஜமெய்க்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு அடிமைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்துவந்து, அந்தக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு உள்நாட்டில் அசின் மன்சோவில் அடக்கம் செய்தார்கள். கோட்டைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களைக் கடைசியாகக் குளிக்கவைத்த ஆறு அங்கேதான் ஓடுகிறது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் கணக்கு. உயிரோடு கரை இறங்கியவர்கள் 1 கோடியே 7 இலட்சம்.

எங்களோடு வந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர், என் அம்மா வயது இருக்கும், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்கள் குழுவில் ஒருத்தி கமராவை எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, பைக்குள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்மினா கோட்டை. அங்கேதான் மாஸ்டரின் நினைவு வந்தது. அறிவிப்புப் பலகையில் வரிசை: 1482-இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1637-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1872-இல் பிரித்தானியர் கைக்குப் போனது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். யாழ்ப்பாணத்தில் 1619, 1658, 1795. ஆண்டுகளை மட்டும் மாற்றினால் எங்கள் சமூகக்கல்விக் கொப்பி. எல்மினாவில் இருந்தது ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி, எங்களிடம் வந்தது கிழக்கிந்தியக் கம்பனி என்பது உண்மைதான். பெண்களை அடைத்த முற்றத்துக்கு மேலே ஆளுநரின் பல்கனி. அங்கே நின்று பார்த்து, வேண்டியவளைக் கைகாட்டுவாராம். மறுத்தவளைக் கட்டிவைத்த இரும்புக்குண்டு இன்னும் முற்றத்தில் கிடக்கிறது. மேல்மாடியில் ஒல்லாந்தரின் தேவாலயம், வாசலுக்கு மேலே 132-ஆம் சங்கீதம்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "இவ்வளவு பேரைப் பிடித்துக்கொண்டு வந்து விற்றது யார்?"

வழிகாட்டி தயங்கவில்லை. "எங்கள் ஆட்கள்தான். போரில் பிடிபட்டவர்கள், கடனுக்குப் பிணையாக நின்றவர்கள், வழியில் கடத்தப்பட்டவர்கள். நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுவந்து விற்றார்கள். துவக்கு, வெடிமருந்து, சாராயம், துணி வாங்கினார்கள்." அந்தத் துணியில் கணிசமானது இந்தியாவிலிருந்து போனது, அதிலும் சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்ததும் உண்டு என்பதைப் பின்னால்தான் படித்தேன். அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக்கூடாது என்று அவர்களிடம் ஒரு முதுமொழி இருக்கிறதாம். யார் வீட்டில் யார் அடிமை வழி வந்தவர் என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"உங்கள் நாட்டில் எப்படி?" என்று கேட்டார்.

"எங்களிடம் அடிமைமுறை இருக்கவில்லை" என்றேன். அவ்வளவு நிச்சயமாக.

திரும்பி வந்து ஒக்டோபர் மாதம், பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய்த் தேசவழமையின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் அகப்பட்டது. என்னுடைய ஐந்தாவது நன்மை. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்ற சொத்து வகைகள் எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. பக்கத்தைப் புரட்டினால் அடிமைகள் பற்றித் தனிப் பகுதி. யார் யார் அடிமைகள், யாருடைய பிள்ளை யாருக்குச் சொந்தம், எப்படி விடுவிப்பது என்று எழுதியிருக்கிறது. சில சாதிகளின் பெயர்களும் இருக்கின்றன. அவற்றை நான் இங்கே எழுதவில்லை. இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கானாக்காரரின் முதுமொழி எனக்கும் பொருந்திப்போகிறது, பாருங்கள். இதை ஒல்லாந்தரின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதியதைப் முதலியார்கள் என்ற உள்ளூர்த் தலைவர்கள் பன்னிரண்டு பேர் வாசித்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி முற்றாக ஒழித்தது 1844-இல். கொழும்பில் மாமா வீட்டுக்குப் போகும்போது கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரேஷன் பலகையில் தமிழில் கொம்பனித்தெரு என்றும், ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்ற அர்த்தத்திலும் இருந்ததை எத்தனை தடவை வாசித்திருப்பேன்.

அன்றிரவு நினைவுக்கு வந்தது ஒரு சிரட்டை. அம்மம்மா வீட்டுப் பின்வேலியில், கிடுகுக்கு இடையில் செருகியிருக்கும். செத்தவீடு, கலியாணவீடு, பனை ஓலை வெட்டு எதற்கும் வருகிற ஒரு வயதான மனுசன் இருந்தார். வந்தால் அவரே வேலியிலிருந்து அதை எடுத்துக் கழுவிக்கொண்டு குந்துவார். அம்மம்மா உயரத்திலிருந்து தேத்தண்ணி வார்ப்பா, பாத்திரம் முட்டாமல். எனக்கு அப்போது ஆறேழு வயது. அவர் என்னைத் 'தம்பி, நீங்கள்' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். அம்மம்மா திருத்தியதில்லை.

ஐந்து பவுண் போன் கார்ட் ஒன்று வாங்கி அம்மாவுக்கு எடுத்தேன். அந்த மனுசனைப் பற்றிக் கேட்டேன்.

"ஏன் இப்ப திடீரெண்டு? அந்த ஆள் இடப்பெயர்வுக்கு முதலே செத்திட்டுது."

"பேர் என்னம்மா?"

லைன் கொஞ்சநேரம் இரைந்தது. "பேரோ... பொறு. வாயில நிக்குது." பிறகு, "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றா. அப்பா செத்து அப்போது மூன்று வருடம். கார்ட்டில் இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று இடையில் ஒரு பெண்குரல் சொன்னது. அம்மா நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்கத் தொடங்கினா.