பெரியவர்களுக்கும் தடுப்பூசி அட்டை உண்டு

நாற்பது வயதுக்காரரிடம் தடுப்பூசி விவரம் கேட்டால் கோவிட் சான்றிதழைத்தான் காட்டுவார். அதோடு முடிந்துவிடவில்லை.

அதிகம் பாதியில் நின்றுபோவது, கல்லீரலைத் தாக்கும் வைரஸுக்கு எதிரான ஹெபடைடிஸ் பி ஊசி. மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, முதல் ஊசியிலிருந்து 6-வது மாதம் கடைசி. பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மைக்ரோகிராம், 1 மி.லி. தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி எதிர்ப்பாற்றல் குறைவாகவே வரும். மூன்றாவதை மறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட ஊசியை மட்டும் போட்டால் போதும். மருத்துவமனை ஊழியர்கள் கடைசி ஊசிக்கு 1-2 மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் (எதிர்ப்பாற்றல் வந்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கணும். 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மருந்தின் அளவு இரட்டிப்பு.

இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் வீண். ஃப்ரீசர் தட்டில் வைத்துக் கொண்டுவருவதெல்லாம் வேண்டாத வேலை.

டெட்டனஸ் 10 வருடத்துக்கு ஒருமுறை. அழுக்கான காயம் என்றால் கடைசி ஊசிக்கு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று. முழுத் தவணையும் போட்டவர்களுக்கு ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி தேவையில்லை. நம் ஊரில் இப்படித் தேவையில்லாமல் போடுவது ரொம்பவே அதிகம்.

ஃப்ளூ ஊசி வருடாவருடம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் ஏறுவதால் செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது; பலன் தர இரண்டு வாரம் ஆகும்.

கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா), சின்னம்மை ஊசிகள் கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம்.